சொல்லாத காய்ச்சல்

என் தம்பி சேகர் வேலை பார்த்த நாட்டில் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே ஆக்சிஜன் வரும். சுவரில் குழாய் இருக்கும், திருகினால் காற்று வரும் என்று போனில் சொல்லியிருக்கிறான். கூட வேலை செய்த ஒருத்தர் சாரத்திலிருந்து விழுந்தபோது பார்க்கப் போய், அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதனால் கொரோனா வந்த காலத்தில் அவனைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. பயம் எல்லாம் எங்களைப் பற்றித்தான். பணக்கார நாட்டில் இருக்கிறவன் பிழைத்துக்கொள்வான், நாம்தான் சாவோம் என்று நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. எங்கள் ஊருக்கு வரும் சுகாதார நர்ஸ், நடந்ததை எழுதிக் கொடு, மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றார். என் பெயர் அஞ்சலை. ஐந்தாவது வரை படித்தவள். அவர் பிழை திருத்திக்கொள்வார். தம்பி இருந்தது எந்த நாடு என்று எழுதவில்லை. அவனோடு ஒரே அறையில் இருந்தவர் இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறார். அவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில். பெரிய ரோட்டை விட்டு உள்ளே வர வேண்டும். கிணற்றுப் பாசனம். சித்திரை, வைகாசியில் மல்லாட்டை பிடுங்குவோம், மற்ற ஊர்களில் வேர்க்கடலை என்பார்கள். நான் ஒரு செட்டுக்கு ஆள் கூப்பிடுகிறவள். எங்கள் பக்கம் நிலத்தைக் கொல்லை என்போம். யார் கொல்லையில் பிடுங்கணுமோ அவர்கள் என்னிடம் சொல்வார்கள், நான் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவேன். செட்டில் ஒருத்தி ரெண்டு நாள் வராவிட்டால் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். வந்தவளைப் போகச் சொல்ல முடியாது. அந்தப் பருவம் முழுக்க அவள்தான். இது எப்போதும் உள்ள வழக்கம்.

கொரோனா முதல் வருடம் எங்கள் தெருவில் ஒருத்தருக்கு டெஸ்ட் எடுத்தார்கள். இருக்கிறது என்று வந்தது. தெரு முனையில் தகரம் அடித்தார்கள். அந்தத் தகரம் இருந்த வரைக்கும் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தியையும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தகரத்தை எடுத்த பிறகும் கூப்பிடவில்லை. அரிசி கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். கூலிக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ரெண்டாவது தடவை வந்தபோது மல்லாட்டை பிடுங்கும் நேரம். பிடுங்க மண் இளகட்டும் என்று தண்ணீர் விட்டாயிற்று. பிடுங்காமல் விட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அதனால் யாரும் டெஸ்ட்டுக்குப் போகவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் வந்தால் சூடு என்றார்கள். நாலு நாள் தாண்டினால் டைபாய்டு என்றார்கள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

காய்ச்சலோடு வந்தவளை வெயிலில் குனிந்து பிடுங்க நாங்கள் விடவில்லை. மரத்தடிக்கு அனுப்பினோம். பிடுங்கிய செடியை மரத்தடியில் குவித்திருப்போம். அதைச் சுற்றி உட்கார்ந்து காயை ஆய்ந்து எடுக்க வேண்டும். அது உட்கார்ந்த வேலை. உடம்பு முடியாதவர்களுக்கு அந்த வேலையைக் கொடுப்பதுதான் எங்கள் செட்டில் மரியாதை. அப்படி ஒருத்தி, ரெண்டு பேர், நாலு பேர் என்று மரத்தடியில் சேர்ந்தார்கள். தோளோடு தோள் உட்கார்ந்து ஆய்ந்தார்கள். ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் நல்லது செய்ததாகத்தான் நினைத்தோம். காய்ச்சல் மரத்தடியில்தான் பரவியது என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

எனக்கு வந்தபோது நானும் மரத்தடிக்குப் போனேன். பச்சை மல்லாட்டையை வாயில் போட்டு மென்றேன். மண்ணை மென்றது போல இருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். அவளுக்கும் அப்படித்தான் என்றாள். ரெண்டு பேரும் அடுத்த செடியை எடுத்து ஆய்ந்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் சேகர் போன் செய்தான். அவன் குரலும் கட்டியிருந்தது.

"யக்கா, இன்னா உன் கொரலு இப்டி இருக்கு?"

"உன் கொரலு மட்டும் இன்னா பாட்டு கச்சேரியா?"

சிரித்தான். சிரிக்கும்போது இருமல் வந்தது. எனக்கும் வந்தது. ரெண்டு பேரும் இருமி முடிக்கிற வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அவன் அறையில் எட்டுப் பேர். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில். காய்ச்சல் என்று மேனேஜரிடம் சொன்னால் ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் அடைப்பார்களாம். அங்கே இருக்கும் நாளுக்குச் சம்பளம் கிடையாது. திரும்பி வந்தால் வேலை இருக்குமா, டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்களா என்று தெரியாது. அவன் ஏஜென்டுக்குக் கொடுத்த பணமே இன்னும் அடையவில்லை. அதனால் அந்த அறையில் யாரும் சொல்வதில்லை. சூட்டைக் கருவி வைத்துப் பார்க்கும் இடத்துக்கு வரும் முன்பு மாத்திரை போட்டுக்கொண்டு, நெற்றியில் ஈரத் துணி வைத்துக்கொண்டு வருவார்களாம்.

"நீயும் சொல்லல, நானும் சொல்லல," என்றான். "அக்காவும் தம்பியும் ஒரே மாதிரி."

எனக்கு அது அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொல்லையிலிருந்து வீட்டுக்கு நடக்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருந்தால் நல்லது. எனக்கு எழுபத்தெட்டு. நர்ஸ் வேறு விரலில் மாட்டிப் பார்த்தார். அதே எண். அவர் எழுந்து போய்ச் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தார்கள். அந்தக் குச்சிக்குப் பயந்துதானே இத்தனை நாள் இருந்தோம். அது ஒரு நொடிகூட ஆகவில்லை.

விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. உள்ளே பெட் இல்லை. வண்டியிலேயே படுத்திருந்தேன். வெயில். வண்டியில் இருந்த பையன் தன் தண்ணீரில் துணியை நனைத்து என் காலில் சுற்றினான். சிலிண்டரில் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முன்னால் இருந்த ஒரு வண்டியின் கதவைத் திறந்தார்கள். ஆளை இறக்காமல் திரும்பச் சாத்தினார்கள். அந்த வண்டி வரிசையை விட்டுப் போனது. எங்கள் வண்டி ஒரு இடம் முன்னால் வந்தது.

எனக்குப் பெட் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. மெத்தையில் மருந்து போட்டுத் துடைத்த ஈரம் இருந்தது.

தலைமாட்டில் பார்த்தேன். சுவரில் குழாய். அதில்தான் என் மாஸ்க்கை மாட்டினார்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் ஆக்சிஜன் சுவரில்தான் வந்தது. எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை. பிள்ளை பெற்றதும் வீட்டில்தான்.

மாஸ்க்கோடு ஒரு பை தொங்கும். மூச்சு இழுத்தால் சுருங்கும், விட்டால் உப்பும். பை உப்பினால் காற்று வருகிறது என்று அர்த்தம். வயிற்றில் ஊசி போடுவார்கள். ரத்தம் நுரையீரலில் கட்டிவிடாமல் இருக்க அது. ஸ்டீராய்டு என்று ஒரு மருந்து. நுரையீரல் வீக்கத்தை அது குறைக்கும், ஆனால் சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஸ்கேன் என்பது ஒரு பெரிய வளையத்துக்குள் நம்மைத் தள்ளி எடுக்கிற படம். நல்ல நுரையீரல் அதில் கறுப்பாக இருக்கும். என்னுடையதில் பாதிக்கு மேல் வெள்ளை, கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி. அப்புறம் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். குப்புறப் படுத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரல் விரியும். கஷ்டம்தான். ஆனால் படுத்த கொஞ்ச நேரத்தில் கிளிப்பில் எண் ஏறும். அதை நானே பார்த்தேன். பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கையில் காசு இருக்கிறதா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. மருந்துக்கும் கேட்கவில்லை, ஸ்கேனுக்கும் கேட்கவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

என் வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. அவர் வெளியே புங்க மரத்தடியில் இருந்தார். இன்னும் பல பேர் அங்கேயே துண்டு விரித்து இருந்தார்கள். தெரிந்தவர் வீட்டு அடுப்பில் கேப்பைக் கூழ் காய்ச்சித் தூக்கில் ஊற்றி வார்டு ஆளிடம் கொடுத்தனுப்புவார். எனக்கு அதில் ஒரு ருசியும் தெரியாது. ஆனாலும் குடித்துவிடுவேன். தூக்கு திரும்பிப் போனதும் அவர் மூடியைத் திறந்து பார்ப்பார் என்று வார்டு ஆள் சொன்னார்.

என் பக்கத்துப் பெட்டில் அனந்தபுரத்து அம்மா இருந்தார். அங்கே கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கிறவர். மூச்சு விடவே முடியாது, பேச்சு மட்டும் நிற்காது. எதிர்க் கட்டிலில் இருப்பவர் குறட்டை விட்டால், "அவுங்களுக்கு ஆக்சிஜன் தேவயே இல்ல, ஊருக்கே சப்ளை பண்ணுவாங்க," என்பார். முகூர்த்த மாதம், கடையைச் சாத்தினால் அந்த வருட வியாபாரமே போய்விடும் என்று அவரும் காய்ச்சலை மறைத்திருக்கிறார். மறைத்தும் பிரயோஜனமில்லை. லாக்டவுன் போட்டுக் கடையைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள்.

"நீ மல்லாட்டைக்கு மறைச்ச. நான் வளையலுக்கு மறைச்சேன்," என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே பைப்புதான், பாத்தியா."

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சின்னப் பெண். பிளாஸ்டிக் உடைக்குள் முகம் தெரியாது. யார் என்று தெரிய நெஞ்சில் பேனாவால் பேர் எழுதியிருப்பார். என் ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் வந்து எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். மரத்தடியில் உட்கார்ந்து ஆய்ந்ததையும் சொன்னேன். காய்ச்சல் அங்கேதான் பரவியிருக்கிறது என்றார்.

"எல்லாரும் மூச்சு நின்னப்பறம் வர்றீங்கம்மா. முன்னாடியே வந்தா இந்த வார்டுல பாதிப் பேரு நடந்து வூட்டுக்குப் போவாங்க. மருந்து ஒண்ணுதான். வர்ற நாளுதான் வேற."

"முன்னாடியே வந்தா கூலி யாரு தருவாங்க டாக்டரம்மா?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது இதான்."

கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

எனக்குச் சேகர் ஞாபகம் வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த அதே வாரம்தான் அவனுக்கும். அவன் நாட்டில் சுவரில் காற்று இருக்கலாம். அவன் போய்ப் படுத்தால்தானே அது அவனுக்கு. நாடு பணக்கார நாடாக இருந்து என்ன, காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் அவனுக்கு வேலை போய்விடும். எங்கள் தெருவுக்கும் அவன் அறைக்கும் என்ன வித்தியாசம் என்று குப்புறப் படுத்துக்கொண்டே யோசித்தேன். இங்கே நான் விழுந்தபோது தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் இருந்தார். அங்கே அவனுக்கு யாரும் இல்லை.

போன் என் தலையணைக்கு அடியில் இருந்தது. பேசினால் மூச்சு போகிறது. எழுதி அனுப்பினால் எனக்கு நேரம் ஆகும், அவன் படிக்கவும் மாட்டான். அதனால் மாஸ்க்கை ஓரமாகத் தூக்கிக்கொண்டு குரல் பதிந்து அனுப்பினேன்.

"டேய் சேகரு. நான் ஆஸ்பத்திரில இருக்கேன். காய்ச்சல மறைக்காத. போயி மேனேஜர் கிட்ட சொல்லு. வேல போனா போவட்டும்."

அவன் பதில் அனுப்பினான். அவன் குரலுக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"பாக்கறன்க்கா. இந்த மாசச் சம்பளம் வந்துரட்டும். நாலு நாள்தான். நீ பேசாத. மாஸ்க்க போட்டுக்கோ."

நாலு நாள் என்பது அந்த நோயில் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மறுபடியும் மாஸ்க்கைத் தூக்கினேன். நர்ஸ் பார்த்துவிட்டு ஓடி வந்து திட்டினார். உனக்கு ஏற்றிவிட்ட காற்றையெல்லாம் போனில் ஊதுகிறாயா என்றார். தம்பி விஷயம் சொன்னேன். நின்று கேட்டார். சரி, சுருக்கமாகப் பேசு, நான் கிளிப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று என் விரலைப் பிடித்துக்கொண்டார். எண் இறங்கும்போது விரலை அழுத்துவார். நான் நிறுத்திவிடுவேன்.

"சம்பளத்துக்கு இருக்காத. இங்க கூலிக்கு இருந்தவங்கெல்லாம் பொணமா போறாங்க. எழுந்து போ. இப்பவே போ."

கேட்டுவிட்டான் என்று போனில் நீலமாகக் காட்டியது. பதில் வரவில்லை.

மறுநாளும் அனுப்பினேன். போனாயா என்று கேட்டேன். அதுவும் நீலமானது. அதற்கடுத்ததும் நீலமானது. பதில்தான் இல்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். பிறகு வார்டு ஆளிடம் என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். சேகரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம், அங்கே பேச விடமாட்டார்களாம், நீ கவலைப்படாதே என்று. எனக்கு உடம்பில் பாதி நோய் போன மாதிரி இருந்தது. சேர்ந்துவிட்டான், சுவரில் காற்று இருக்கிறது, பிழைத்துக்கொள்வான். அதற்குப் பிறகும் தினமும் ரெண்டு வார்த்தை அனுப்பினேன். குப்புறப் படு. ஊசி போட்டால் பயப்படாதே. கஞ்சியை மிச்சம் வைக்காதே. கூட இருப்பவர்கள் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் போகச் சொல். எல்லாம் நீலமானது.

ஆக்சிஜன் லாரி வரவில்லை என்று ஒருநாள் வார்டில் பேச்சு வந்தது. யார் சொன்னது என்று தெரியாது. எல்லோரும் அவரவர் பையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். பை உப்பிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் லாரி வந்துவிட்டது என்றார்கள். அன்றைக்குப் பகல் போல ஒரு பகலை நான் பார்த்ததில்லை.

அனந்தபுரத்து அம்மா அதற்கு மறுநாள் பேச்சை நிறுத்தினார். பேச்சு நின்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் பெரிய மெஷின் இருக்கும் அறைக்குக் கொண்டுபோக அங்கே ஒரு இடம் காலியாக வேண்டும். காலியாகும் வரை இவர் தாங்கவில்லை. டாக்டர் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். சின்ன உடம்பு அந்த டாக்டருக்கு. ரொம்ப நேரம் அழுத்தினார். கையிலிருந்த கண்ணாடி வளையலை எடுக்க முடியாமல் நர்ஸ் அப்படியே விட்டுவிட்டார். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்.

எனக்கு மெதுவாக எண் ஏறியது. பை வைத்த மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் மட்டும் குழாய் வைத்தார்கள். பிறகு அதையும் குறைத்தார்கள். ருசி திரும்பிவிட்டதா என்று தினமும் கேட்பார்கள். ஒருநாள் கூழில் புளிப்பு தெரிந்தது. உப்பு தெரியவில்லை. உப்பு ருசி இன்னும் வரவில்லை போல என்று நினைத்துக் குடித்துவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாத ஆள்தான், நானும் அப்படித்தான். வீட்டில் சோறு போட்டார். சாப்பிடு என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். அப்புறம் சொன்னார்.

"சேகரு இல்ல அஞ்சல."

எப்போது என்று கேட்டேன். சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கேயாம்; மேனேஜர் சொல்ல நாளாகி, நான் வார்டில் உப்பில்லாத கூழைக் குடித்த நாளில்தான் செய்தி வந்திருக்கிறது. அவர் அன்றைக்கு உப்புப் போட மறந்திருக்கிறார். செய்தி போனில் வந்த கையோடு அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்.

"சொன்னா நீ மூச்ச விட்டுடுவேன்னு டாக்டரு சொன்னாங்க," என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

உடம்பு வரவில்லை. அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள். போனில் ஒரு போட்டோ வந்தது. காகிதத்தில் மாரடைப்பு என்று போட்டிருந்தது. அவன் ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சு நின்றுவிட்டதாம். டெஸ்ட் எடுக்க நேரம் இருக்கவில்லை. டெஸ்ட் எடுக்காததால் கொரோனா என்று போடவில்லை. எங்கள் தெருவிலும் அந்த மாதம் வீட்டிலேயே போனவர்களுக்கு அப்படித்தான். ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்கு வயசு.

எந்த நாட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று டிவியில் கோடு போட்டுக் காட்டுவார்கள். இந்த நாட்டில் ஜாஸ்தி, அந்த நாட்டில் கம்மி என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. என் தம்பி அந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. இந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

இப்போது எங்கள் செட்டில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். காய்ச்சல் என்று ஒருத்தி சொன்னால் அவள் மரத்தடிக்கு வரக் கூடாது, வீட்டில் இருக்க வேண்டும். அவள் இடத்துக்கு யாரையும் சேர்க்க மாட்டோம். எங்களுக்குக் கூலியாக வரும் காயில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அவளுக்கு அளந்து போடுவோம். சொந்தக்காரர்களுக்குள் இதனால் சண்டை வந்திருக்கிறது. பொய்க் காய்ச்சல் சொல்லிப் படுத்தவளும் உண்டு. கொல்லைக்காரர் ஒருத்தர் ஆள் குறைகிறது என்று வேறு செட்டைக் கூப்பிட்டுக்கொண்டார். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

சேகரோடு ஒரே அறையில் இருந்தவரைக் காலீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டக்குப்பத்துக்காரர். சேகர் போன பிறகு வந்த முதல் லீவில் ஊருக்கு வந்தவர், என்னைப் பார்க்க வேண்டும் என்று போன் செய்தார். எங்கள் வீட்டுக்கு வருவதாகத்தான் சொன்னார். நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறிப் போனோம். அவர் மனைவி பாய் விரித்து டீ கொடுத்தார். காலீல் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். நானே கேட்டேன். நான் அனுப்பியதைச் சேகர் கேட்டானா என்று.

"கேட்டாருக்கா. ரெண்டாவது அனுப்பினீங்க இல்ல, எழுந்து போன்னு. அத ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு வாட்டி கேட்டாரு."

"இன்னா சொன்னான்?"

"‘அக்காவுக்கு மூச்சு எப்டி வாங்குது பாரு, நான் போற வரிக்கும் அது பேசிக்கினேதான் இருக்கும்’னாரு. சட்டய மாட்டிக்கினாரு. கீழ எறங்கி மேனேஜர் கிட்ட அவரேதான் சொன்னாரு."

"நடந்தா போனான்?"

"நடந்துதான் போனாரு. படில ஒரு வாட்டி உக்காந்தாரு."

என் வீட்டுக்காரர் வெளியே எழுந்து போய்விட்டார். காலீல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது போன என் கையில குடுத்தாருக்கா. ‘அக்கா அனுப்பினா நீ கேட்டுரு பாய், இங்க கேட்ட மாதிரி காட்டலன்னா அது மாஸ்க்க எடுத்துட்டு திரும்பத் திரும்பப் பேசும்’னாரு. அதுக்கப்பறம் வந்தது எல்லாம் நான் கேட்டதுதான். அவரு மவுத் ஆனப்பறமும் கேட்டேன். உங்களுக்கு ஒடம்பு தேர்ற வரிக்கும் சொல்ல வேணாம்னு உங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு. அதனால கேட்டுக்கினு இருந்தேன். தப்புன்னா மன்னிச்சுருங்கக்கா."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார்.

"அப்ப எனக்கும் காய்ச்சல்க்கா," என்றார் காலீல். "யார் கிட்டயும் சொல்லல. சேகரு போனப்பறமும் சொல்லல. பயம். கூட இருக்கறவங்கள மறைக்காம போகச் சொல்லுன்னு ஒண்ணு அனுப்பினீங்க."

"ஆமா, அனுப்பினேன்."

"அது அவருக்கு அனுப்பினது. நான்தான் கேட்டேன். அன்னிக்கே போயி சொல்லிட்டேன்."

அவருடைய சம்பளத்தைப் பிடித்தார்கள். தனிக் கட்டடத்தில் போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். வேலையை மட்டும் எடுக்கவில்லை. இதையெல்லாம் அவர் மனைவிதான் சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் காலீலைக் கேட்டேன்.

"எல்லாத்தயும் கேட்டியா தம்பி? கஞ்சி மிச்சம் வைக்காதன்னு சொன்னது வரிக்கும்?"

"எல்லாத்தயும் கேட்டேன்க்கா."

"மிச்சம் வைக்காம குடிச்சியா?"

"குடிச்சேன்," என்றார்.